சூடானால் நிற்கிறது, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது

ஊர் பாளையங்கோட்டை. வண்டி 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 94,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்று வாரமாக ஒரே தொல்லை.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். அரை மணி நேரம் ஓடியதும், திணறல் எதுவும் இல்லாமல், சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிடுகிறது. அப்புறம் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் சுற்றுகிறதே தவிரப் பிடிக்க மாட்டேன் என்கிறது. நாற்பது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது! கடைசியாக நின்றது அம்பை ரோட்டில், சேரன்மகாதேவி தாண்டி, உச்சி வெயிலில். குடும்பத்தோடு வேப்பமர நிழலில் காத்திருந்தோம்.

பேட்டரி, ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதிது. பெட்ரோல் பம்ப் ரிலேயையும் மாற்றியாயிற்று. ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் (எரர் கோட்) வரவில்லை. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது.

ஒன்றைக் கவனித்தேன். நின்ற பிறகு சாவியைப் போட்டால் பம்ப் இரண்டு விநாடி உறுமுகிறது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. எனக்கு, எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம். மெக்கானிக்கோ பம்பையே மாற்றச் சொல்கிறார்.

காசைச் செலவழிக்கும் முன், வண்டி நின்ற இடத்திலேயே கோளாறு சென்சாரிலா பம்பிலா என்று உறுதி செய்ய என்ன சோதனை செய்யலாம்?