வலியை மறைக்கும் பையன்கள்: வகுப்பில் எதை முதலில் சொல்வது?

வகுப்பறை_நலம்:
எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் பேச நாற்பது நிமிடம் கிடைத்திருக்கிறது. குரல் உடைவது, மீசை முளைப்பது எல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள். "வலித்தால் சொல்லுங்கப்பா" என்றால் மட்டும் கேலி, சிரிப்பு. "ஆம்பளைன்னா தாங்கிக்கணும்" என்ற நினைப்பு உடம்பில் எங்கே போய் அடிக்கிறது? நேரம் குறைவு என்பதால் எதை முதலில் வைக்கலாம்?

செவிலி_குறிப்பு:
விதை முறுக்கில், அதாவது விதை (விரை) திருகிக்கொள்வதில் ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் நாள் கணக்கு, இது மணிக்கணக்கு. சிலருக்குப் பிறவியிலேயே விதை பைக்குள் சரியாக ஒட்டாமல் மணியின் நாக்குப் போலத் தொங்கும். 12 முதல் 18 வயதுக்குள் அது திருகிக்கொள்வது அதிகம். தூங்கும்போதுகூட நடக்கும். திருகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து பிரித்துவிட்டால் விதை பெரும்பாலும் தப்பும். 24 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

அந்த 6 மணி நேரம் எதில் கரைகிறது தெரியுமா? பையன் "வயிறு வலி" என்கிறான். வீட்டில் மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள். கீழ்வயிற்று வலி, குமட்டல் என்று வந்தால் "விதையில வலிக்குதா?" என்று பெரியவர்கள்தான் நேராகக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே அவசரப் பிரிவு. மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் சாப்பாடு, தண்ணீர் வேண்டாம்.

வகுப்பறை_நலம்:
வலி தானாக நின்றுவிட்டால் காத்திருக்கலாமா?

செவிலி_குறிப்பு:
கூடாது. முறுக்கு தானாகப் பிரிந்திருக்கலாம். அப்படியென்றால் திரும்பவும் வரும். ரத்தம் நெடுநேரம் நின்று விதை செத்துப்போனாலும் வலி குறையும். இரண்டில் எது என்று வீட்டில் தெரியாது, அன்றைக்கே காட்டுங்கள். அறுவையில் பொதுவாக மறுபக்க விதையையும் தைத்து நிறுத்திவிடுவார்கள்.

எலும்பும்_தசையும்:
அது சரி, ஆனால் அரிதாக வருவது. வகுப்பில் பாதிப் பேருக்கு வரக்கூடியது மார்பு வீக்கம். 13, 14 வயதில் காம்புக்கு அடியில் ரப்பர் மாதிரி ஒரு தட்டு, தொட்டால் வலி. ஹார்மோன் ஏற்ற இறக்கம்தான் காரணம். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானே வடியும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பையன் நீச்சலை விடுகிறான், பனியன் மேல் பனியன் போடுகிறான், கடைசியில் "தசை ஏற்றும்" ஊசியைத் தேடுகிறான்.

அங்கேதான் ஆபத்து. அந்த ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு, ஆண் ஹார்மோன் மாதிரி ஒரு மருந்து. அது வெளியிலிருந்து வந்தால் மூளை தன் உத்தரவை நிறுத்தும், விதை சுருங்கும். எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடிக்கொள்ளும், உயரம் அத்தோடு நின்றுவிடும். உள்ளே போனதில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி மார்பை இன்னும் பெரிதாக்கும். எதற்குப் பயந்து ஊசி போட்டானோ அதுவே வந்து நிற்கும்! பையன்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும், அறிவுரையே தேவையில்லை.

மார்பு வீக்கம் கல்லாகக் கெட்டிப்பட்டாலோ, காம்பில் நீர் கசிந்தாலோ மருத்துவரிடம் போகவேண்டும். 14 வயது முடிந்தும் விதை பெரிதாகத் தொடங்காவிட்டாலும் அப்படித்தான்.

திடல்_ஓரம்:
விளையாட்டில் தலையில் அடிபட்டதை மறைப்பதையும் சேருங்கள். அணியை விட்டு வெளியேறுவது கோழைத்தனம் என்ற எண்ணம். தலைவலி, கிறுகிறுப்பு, தடுமாற்றம் இதில் ஒன்று இருந்தாலும் அன்று மீண்டும் களமில்லை. மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், பயிற்சி என்று படிப்படியாக. ஓட்டம் தொடங்கியபின் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதி ஆடுவதற்கு மருத்துவர் சரி சொல்லவேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் நேரே அவசரப் பிரிவு.

பேசும் முறை பற்றி: "வெட்கப்படாதீங்க" என்றால் வெட்கம்தான் கூடும். வார்த்தையைக் கொடுங்கள். விதை, விதைப்பை, மார்பு வீக்கம், தூக்கத்தில் விந்து வெளியாவது என்று பலகையில் எழுதுங்கள். முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு எல்லோருக்கும் சீட்டு கொடுத்து, கேள்வி இல்லாதவனும் "இல்லை" என்று எழுதிப்போடச் செய்யுங்கள். யார் கேள்வி எழுதுகிறான் என்று அடுத்தவன் பார்க்க முடியாது.