பிரேக் பேட் மாற்றியும் அணையாத விளக்கு

நான்: அனைவருக்கும் வணக்கம். நேற்று நம் பி.எம்.டபிள்யூ காரின் முன்சக்கர பிரேக் பேட்களை மாற்றினேன். ஆனாலும் மீட்டரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. மூன்று முறை ரீசெட் செய்து பார்த்தும் வண்டி ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் மலையேறிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும். என்ன செய்யலாம், மாமா?

மாமா: மாப்பிள்ளை, பேடோடு, அது தேய்வதை அறிவிக்கும் சென்சாரையும் மாற்றினார்களா? பில்லைப் பாருங்கள்.

நான்: பில்லில் பேட் மட்டுமே இருக்கிறது. பழைய சென்சாரையே மாட்டிவிட்டதாக மெக்கானிக் இப்போது சொல்கிறார்.

மாமா: கோளாறு அங்கேதான் இருக்கிறது. அந்தச் சென்சாரின் முனை பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று வளைந்து ஓடுகிறது. பேட் தேயும்போது முனையும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உரசித் தேய்ந்து, கடைசியில் கம்பி அறுந்துவிடும். அறுந்த கம்பி ஒட்டாது. எனவே எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும், பேட் தேய்ந்தே கிடப்பதாகத்தான் வண்டி நினைக்கும். நம் பழைய மாருதியில் இந்த வம்பே இல்லை. பேடிலிருந்த சிறு தகடு டிஸ்கில் பட்டுக் கீச்சிட்டுத் தெருவுக்கே அறிவித்துவிடும்.

மச்சான் தென்காசி: அத்தான், அந்தச் சென்சாருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் முறுக்கி இணைத்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.

மாமா: விளக்கு அணையும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த முறை பேட் இரும்பு வரை தேய்ந்தாலும் வண்டி வாய் திறக்காது. மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

அத்தை: பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், மாப்பிள்ளை. மாமா சொல்கிறபடி புதியதையே வாங்கிப் போட்டுவிடுங்கள்.

நான்: சரி, அத்தை. மாமா, புதியதை மாட்டிய பிறகு எப்படி ரீசெட் செய்ய வேண்டும்?

மாமா: முன்பக்கச் சென்சார் இடது சக்கரத்தில் மட்டுமே இருக்கும். அதை மாட்டி, ஒயர் டயரில் உரசாதபடி கிளிப்பில் பொருத்தச் சொல்லுங்கள். பிறகு பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், இன்ஜின் ஓடாமல் மீட்டர் மட்டும் எரியும். மீட்டரில் டிரிப் கிலோமீட்டரை அழிக்கும் பட்டனைச் சர்வீஸ் பட்டியல் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு விட்டுவிட்டு அழுத்தி முன்சக்கர பிரேக் படத்துக்கு வந்து, அங்கே நீண்ட நேரம் அழுத்தினால் ரீசெட் செய்யலாமா என்று கேட்கும். மறுபடியும் நீண்ட நேரம் அழுத்த வேண்டும்.

நான் (மாலையில்): புதிய சென்சார் மாட்டியாயிற்று, மாமா. முதல் முயற்சியிலேயே விளக்கு அணைந்துவிட்டது. பின்சக்கர பிரேக்குக்கு மட்டும் 4,000 கிலோமீட்டர் மீதமிருப்பதாகக் காட்டுகிறது. அதையும் ரீசெட் செய்துவிடட்டுமா?

மாமா: கூடாது, மாப்பிள்ளை. பின்பக்கம் எதையும் மாற்றவில்லையே. அந்தக் கணக்கு அப்படியே ஓடட்டும். புதிய பேட் டிஸ்கோடு படிவதற்காக ஞாயிற்றுக்கிழமைக்குள் தென்காசி வரை ஒருமுறை நிதானமாகப் போய் வாருங்கள். திடீர் பிரேக் மட்டும் வேண்டாம்.

மச்சான் தென்காசி: வாருங்கள், அத்தான். மதியச் சாப்பாடு இங்கேதான்.