நச்சு அம்புத் தவளையைக் காட்டில் நேரில் பார்த்தவர்கள் இங்கே சொல்லுங்கள்

படத்தில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். காட்டில், அது வாழும் இடத்திலேயே பார்த்தவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. நானே ஆரம்பித்து வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயமாக கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசே நகரில் எட்டு மாதம் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரபிக்கிக்கு பஸ் ஏறினேன். லா செல்வா ஆய்வு நிலையம் அந்தப் பக்கம்தான். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற தாழ்நிலக் காடு. மலையை விட்டு இறங்க இறங்க பஸ் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே வந்தது. சட்டை அப்போதே முதுகில் ஒட்டிவிட்டது.

முதல் தப்பு, ராத்திரியில் தேடப் போனது. தவளை என்றால் இரவுதானே என்று நம் ஊர் மழைக்கால நினைப்பில் டார்ச்சோடு கிளம்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் பச்சை உடம்பு, ரத்தச் சிவப்புக் கண், ஆரஞ்சு விரல்கள் என்று ஒன்று இலை மேல் உட்கார்ந்திருந்தது. "கிடைச்சாச்சு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கூட வந்த வழிகாட்டி சிரித்தார். அது சிவப்புக்கண் மரத்தவளையாம். அந்த நாட்டு டீ ஷர்ட், கோப்பை, காந்த வில்லை எல்லாவற்றிலும் இருக்கிறதே, அதே ஆள். கடிக்காது, விஷமும் இல்லை, குடும்பமே வேறு. பகல் முழுக்க இலைக்கு அடியில் கண்ணை மூடி, கால்களை மடக்கி, பச்சைக் கட்டியாக ஒட்டிக் கிடக்கும். "நீங்கள் தேடுவது இப்போது தூங்குகிறது. விஷம் இருப்பவர்களுக்கு ஒளிந்து வாழ வேண்டிய அவசியம் இல்லை. காலையில் வாருங்கள்" என்றார்.

காலையில் போனேன். இரண்டாவது தப்பு, மேலே பார்த்துக்கொண்டே நடந்தது. காதில் விடாமல் "ட்ஸீ ட்ஸீ ட்ஸீ" என்று ஒரு ஓசை. ஏதோ பூச்சி என்று கண்டுகொள்ளவில்லை. வழிகாட்டி என் பூட்ஸைக் காட்டினார். அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, மட்கிப்போன கட்டை மேல், கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிவப்புப் பொட்டு. உடம்பு செக்கச் சிவப்பு, கால்கள் மட்டும் கருநீலம். அங்கே எல்லாரும் அதை 'புளூ ஜீன்ஸ்' என்கிறார்கள். பார்த்தால் நிஜமாகவே சிவப்புச் சட்டையும் ஜீன்ஸும் போட்ட ஆள் போலத்தான் இருக்கிறது. மொத்த நீளம் இரண்டு சென்டிமீட்டர். தொண்டையை ஊதி ஊதிக் கத்திக்கொண்டிருந்தது அதுதான். அந்தக் கட்டை அதன் எல்லை. பத்து நிமிடத்தில் இன்னொரு ஆண் வந்தது. இரண்டும் எழுந்து நின்று நெஞ்சோடு நெஞ்சு மோதி, கட்டிப் புரண்டு மல்யுத்தம் பிடித்தன. வந்தது தோற்றுச் சருகுக்குள் குதித்து ஓடிவிட்டது.

நான் பழைய புத்தகக்கடையில் வாங்கிய கையேட்டில் இதன் பெயர் டென்ட்ரோபேட்டஸ் புமிலியோ என்று இருந்தது. வழிகாட்டி ஊஃபாகா புமிலியோ என்றார். ஊஃபாகா என்றால் முட்டை தின்னி. பேரினத்தை ஏன் பிரித்தார்கள் என்பதற்கான காரணத்தைக் கையோடு காட்டினார். மரத்தில் தொற்றி வளரும் புரோமீலியட் செடி (அன்னாசியின் உறவு) ஒன்றின் இலைக்கக்கத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர்கூடத் தேறாது. அதற்குள் ஒரே ஒரு தலைப்பிரட்டை. தாய் அதை முதுகில் சுமந்து மரமேறிக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. ஒரு குளத்துக்கு ஒரு பிள்ளை என்பதுதான் கணக்கு. சில நாட்களுக்கு ஒருமுறை வந்து பார்க்கும். தலைப்பிரட்டை உடம்பை விறைத்துக்கொண்டு நடுங்கிக் காட்டினால், கருவுறாத முட்டை ஒன்றை இட்டுவிட்டுப் போகும். அதற்கு வேறு சாப்பாடு கிடையாது. தாயின் நச்சிலும் கொஞ்சம் அந்த முட்டை வழியாகவே பிள்ளைக்கு வந்துவிடுகிறதாம். அப்பாவின் வேலை அதற்கு முந்தியது: சருகில் கிடக்கும் முட்டைகள் காயாமல் அவற்றின் மேல் ஈரம் விடுவது.

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். உன் கையில் கொசு மருந்து தடவியிருக்கிறாய், அதன் தோலுக்கு ஆகாது என்றார். விஷம் யாருக்கு யாரால் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த மாதம் பசிபிக் பக்கம் ஓசா தீபகற்பம் போனேன். அங்கே ஓடைக் கரையில் கறுப்பு உடம்பில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஃபில்லோபேட்டஸ் விட்டாட்டஸ் கிடைத்தது. கோல்ஃபோ டுல்சே வளைகுடாவைச் சுற்றித்தான் உண்டு. அதே ஓடையில் பழுப்பாக, பக்கத்தில் வெளிர்க்கோடு ஓடும் ஒரு குட்டித் தவளை. நம் ஊர் வயலில் பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அதுவும் டென்ட்ரோபாட்டிடே, அதாவது நச்சு அம்புத் தவளைகளின் குடும்பம்தானாம், சில்வர்ஸ்டோனியா பேரினம். ஜிகுஜிகு என்று இருந்த சிவப்புக்கண் ஆள் வேற்றாள், சேற்று நிறத்தில் இருந்த இது சொந்தக்காரன். அன்றிலிருந்து நிறத்தை வைத்துக் குடும்பம் சொல்வதை விட்டுவிட்டேன்.

சரி, உங்கள் முறை.

* * *

அண்ணா, உங்கள் புமிலியோவை நான் பச்சையாகப் பார்த்திருக்கிறேன்!

பனாமாவின் போக்காஸ் தெல் தோரோ தீவுகள். கல்யாணமான புதிதில் போனோம். பாஸ்திமெந்தோஸ் தீவில் 'ரெட் ஃபிராக் பீச்' என்றே ஒரு கடற்கரை இருக்கிறது. இறங்கியதும் ஒரு சிறுவன் சுருட்டிய இலையை விரித்துக் காட்டினான். உள்ளே ஆரஞ்சு சிவப்பில், கறும்புள்ளிகளோடு ஒன்று. காசு கொடுத்தோம். (இப்போது கொடுக்க மாட்டேன். அதைப் பிடித்துவைக்க நாமே கூலி தருவது மாதிரி ஆகிவிடுகிறது.) அடுத்த நாள் பக்கத்து கொலோன் தீவில் பார்த்தது மஞ்சள் கலந்த பச்சை. போப்பா தீவில் பச்சை. ஒவ்வொன்றையும் தனித்தனி இனம் என்று நோட்டில் எழுதி, மூன்று இனம் பார்த்தேன் என்று மனைவியிடம் பெருமை அடித்தேன். அவள் விலங்கியல் படித்தவள். "எல்லாம் ஒண்ணுதாங்க, நோட்டைக் குடுங்க" என்று அடித்துத் திருத்தினாள்.

கடல் மட்டம் உயர்ந்து இந்தத் தீவுகள் பிரிந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் இத்தனை நிறம். பெண் தவளைகள் பெரும்பாலும் தங்கள் தீவு நிறத்து ஆணையே தேடுகின்றன என்றாள். வேறு நிறத் தாயிடம் தலைப்பிரட்டைகளை வளரவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்த பெண்கள் பெற்றவளின் நிறத்தை விட்டுவிட்டு வளர்த்தவளின் நிறத்தைத் தேடினவாம். அந்த ஆய்வு 2019இல் வந்தது.

* * *

நான் ஐரோப்பாவில் ஒரு உயிரியல் பூங்காவின் நீர்நில வாழ்வன பிரிவில் வேலை பார்க்கிறேன். காட்டில் பார்த்ததில்லை, ஆனால் தினமும் சோறு போடுகிறேன். இதைச் சேர்த்துக்கொள்வீர்களா?

எங்களிடம் இருப்பது நீலத் தவளை. வானநீலத்தில் கறும்புள்ளி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வேறு, கைரேகை மாதிரி. அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டு பதிவேட்டில் எழுதுகிறோம். சுரினாமின் தெற்கே சிப்பலிவினி புல்வெளி. வெயில் காயும் புல்வெளிக்கு நடுவே, ஓடையை ஒட்டித் தீவு தீவாகக் காட்டுத்துண்டுகள். அவற்றுக்குள் மட்டும் இந்த நீலம் வாழ்கிறது. புல்லைத் தாண்டி அடுத்த துண்டுக்குப் போக முடியாது, காய்ந்துவிடும். 1969இல் இதைத் தனி இனமாக, டென்ட்ரோபேட்டஸ் அஸூரியஸ் என்று விவரித்தார்கள். 2006இல் கயானா காடுகளின் டிங்டோரியஸ் இனத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். எங்கள் கண்ணாடிக் கூண்டின் பெயர்ப்பலகை ரொம்ப நாள் பழைய பெயரிலேயே தொங்கியது. பார்வையாளர் ஒருவர் புகார் எழுதிய பிறகுதான் மாற்றினோம்.

அதே 2006இல் வந்த இன்னொரு ஆய்வு பெரிய கலகம். முன்பு ஒரே குடும்பமாக இருந்ததை டென்ட்ரோபாட்டிடே, அரோமோபாட்டிடே என்று இரண்டாக்கியது. முதலாவதில் மட்டும் இன்று சுமார் 200 இனங்கள். பெயர் மாறியபோதெல்லாம் பதிவேடு, பலகை, ஏற்றுமதி அனுமதித் தாள் எல்லாவற்றையும் திருத்தும் வேலை யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?

எல்லாரும் கேட்கும் கேள்வி, கையுறை போடாமல் எப்படி என்று. கூண்டில் பிறந்தவற்றிடம் நச்சு கிடையாது. காட்டில் தின்னும் எறும்பு, மைட் (சிலந்தியின் உறவான பொடி உயிர்) போன்ற சிற்றுயிர்களிலிருந்து வருகிற ஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருள்களைத்தான் தோலில் சேர்த்துவைக்கின்றன. நாங்கள் போடுவது வைட்டமின் பொடியில் புரட்டிய பழ ஈ. பொடி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு ஈக்கள் அலைவதைப் பார்த்தால் மாவில் புரட்டிய எள் நடக்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் கையுறை போடுவேன். காரணம் மேலே அண்ணா சொன்னதுதான்.

* * *

ஒரு சந்தேகம். போன ஜூலையில் மூணாறு போயிருந்தோம். ஆனைமுடி பக்கம் செக்கச்செவேல் என்று ஆரஞ்சுத் தவளை ஒன்றின் படத்தை வனத்துறைப் பலகையில் பார்த்தேன். அதுவும் இந்தக் கூட்டமா? குழந்தைகள் தொட்டால் ஆபத்தா?

* * *

இல்லை தங்கச்சி. டென்ட்ரோபாட்டிடே மத்திய அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தாண்டித் தானாக எங்கும் போகவில்லை. நீங்கள் சொல்வது ரவோர்செஸ்டஸ் ரெஸ்பிளென்டென்ஸ், 2010இல் விவரிக்கப்பட்டது. நம் புதர்த்தவளை வகை. முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வரும், தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் நீந்துவதே இல்லை. ஆனாலும் தொட வேண்டாம், அந்த மலையுச்சியை விட்டால் அதற்கு வேறு இடம் இல்லை. மடகாஸ்கரின் மாண்டெல்லா தவளைகளையும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். அவை நிறமும் நச்சும் கொண்டவை, அதையும் இரையிலிருந்தே பெறுகின்றன, ஆனால் வேறு குடும்பம்.

* * *

"தானாக" என்று அண்ணா கவனமாக எழுதியிருக்கிறார், நன்றி. நான் பார்த்தது ஹவாயில்!

ஓவாஹூ தீவு, மானோவா பள்ளத்தாக்கு. அருவிக்குப் போகும் ஈரப்பாதையில் மூங்கில் சருகுக்கிடையே பச்சையும் கறுப்புமாக, பெயின்ட் காயாத பொம்மை மாதிரி ஒன்று. டென்ட்ரோபேட்டஸ் ஆராட்டஸ். கொசுவை ஒழிக்கட்டும் என்று 1932இல் பனாமாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். கொசு இன்னும் இருக்கிறது, எனக்குக் கால் பூராவும் தடிப்பு. தவளையும் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: ஹவாய்த் தவளைகளின் தோலில் ஆல்கலாய்டு இருக்கிறது, ஆனால் பனாமாச் சொந்தங்களிடம் இருக்கும் அதே பட்டியல் இல்லை. ஊர் மாறியது, சாப்பாடு மாறியது, விஷமும் மாறிவிட்டது.

* * *

மருந்தியல் துறையில் இருப்பதால் ஒன்றிரண்டு சேர்க்கிறேன். 'அம்புத் தவளை' என்று எல்லாவற்றையும் சொல்கிறோமே, ஊதுகுழல் அம்பில் தடவப் பயன்பட்டதாக உறுதியாகத் தெரிந்தவை மூன்றே இனங்கள்தான். மூன்றும் கொலம்பியாவின் பசிபிக் கரையோர ஃபில்லோபேட்டஸ் பேரினத்தவை. அதில் டெரிபிலிஸ் 1978இல் விவரிக்கப்பட்டது. அங்குள்ள எம்பெரா பழங்குடி மக்கள் அதைக் கொல்லாமல், உயிரோடு முதுகில் அம்பு நுனியைத் தேய்த்து எடுப்பார்கள். மற்ற இருநூறு சொச்சமும் பெயரில் மட்டும் அம்பைச் சுமக்கின்றன. அமேசான் பக்கத்து அம்புகளில் பெரும்பாலும் குராரே போன்ற தாவர நஞ்சுதான்.

எக்குவடோரின் எபிபெடோபேட்டஸ் ஆந்தனி என்ற தவளையிலிருந்து அமெரிக்க வேதியியலாளர் ஜான் டேலி 1974இல் எடுத்த சாறு, எலிகளிடம் மார்ஃபினைவிட 200 மடங்கு வலியடக்கியது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் போனால், முன்பு தவளை பிடித்த இரண்டு இடங்களில் ஒன்று வாழைத் தோட்டமாகியிருந்தது. அங்கிருந்த தவளைகளிடம் அந்தப் பொருளே இல்லை. மற்ற இடத்தில் 750 தவளைகள் பிடித்துத் தேறியது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதன் கட்டமைப்பைக் கண்டுபிடிக்க 1992 வரை ஆனது. எபிபாட்டிடின் என்று பெயர். மருந்தாகவில்லை. வலி போகும் அளவுக்கும் உயிர் போகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

* * *

எல்லாருக்கும் நன்றி. சாயங்காலம் முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஊர் திரும்பும் முன் ஆறு வாரம் கழித்து மறுபடி லா செல்வா போனேன். அதே புரோமீலியட், அதே இலைக்கக்கம். வழிகாட்டி விளக்கை அடித்தார். தண்ணீருக்கு மேல் விளிம்பில், முழங்கால் மடங்கிய ஒரு பொடியன் உட்கார்ந்திருந்தான். நிறம் இன்னும் முழுசாக ஏறவில்லை. பின்னால் வால் மட்டும் அரை அங்குலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

போட்டோ எடுத்தேன், கை நடுங்கிவிட்டது. மங்கலாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நாளைக்கு ஏற்றுகிறேன்.