வில்வங்காய்க் கசாயம் வயித்தாலடிக்கு: தட்டில வலயம் வரேல்லை, அடுத்தது என்ன?

வவுனியா_மாணவி:
இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு வில்வங்காய்க் கசாயத்தை எடுத்திருக்கிறன். காய்ஞ்ச வில்வங்காய்த் துண்டை அவிச்சு வயித்தாலடிக்குக் குடுக்கிறது எங்கட பக்கம் வழக்கம்தானே. ஈ.கோலை பற்றீரியா பூசின ஏகார் தட்டில கசாயம் ஊறின கடதாசி வட்டத்தைச் சுத்தித் தடைவலயமே (பற்றீரியா வளராத வளையம்) இல்லை. சிப்ரோஃபிளொக்சசின் எண்ட நுண்ணுயிர்கொல்லி மருந்துக்கு வடிவா வருது. எதனோலில சாறெடுத்துப் பாக்கட்டோ?

கசாயச்சட்டி:
எதனோலுக்கு ஓடாதைங்கோ. அதில வலயம் வந்தாலும் நீங்கள் சோதிச்சது வேற மருந்து. ஊரில குடிக்கிறது தண்ணியில அவிச்சது.

முதல்ல கசாயத்தைச் சரியா வையுங்கோ. 12 கழஞ்சு, அதாவது 60 கிராம் காய்ஞ்ச துண்டு. 1920 மில்லிலீற்றர் தண்ணி. மெல்லிய நெருப்பில 240க்கு வத்த வேணும். எட்டுக்கு ஒண்டு. மண்சட்டி, இல்லாட்டிக் கண்ணாடி முகவை. இரும்புச்சட்டி வேண்டாம், காயில இருக்கிற தனின் எண்ட துவர்ப்புப் பொருள் இரும்போட சேந்து கறுத்துப்போகும். வன்னிக் கிணத்துத் தண்ணி கன இடத்தில வன்தண்ணி, கிணத்துக்குக் கிணறு உப்பும் மாறும். அதால காய்ச்சி வடிச்ச தண்ணியே எடுங்கோ.

10 மில்லிலீற்றரை 105 பாகையில நிறை மாறாமல் வரும்வரை உலர்த்தி, ஒரு மில்லிலீற்றருக்கு எத்தினை மில்லிகிராம் எண்டு எழுதுங்கோ. இந்த எண் இல்லாமல் "கசாயம் 50 சதவீதம்" எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் விளங்காது. காய் முத்தாத பச்சைக் காயாய் இருக்க வேணும். பழுத்தது மலத்தை இளக்கும். மரத்தின்ர மாதிரி ஒண்டைப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில காட்டி இனத்தை உறுதிப்படுத்துங்கோ.

தட்டுக்காரன்:
வலயம் வராததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். வில்வங்காயில பிசினும் தனினும் கூட. பெரிய மூலக்கூறுகள் ஏகாருக்குள்ள பரவாது, வட்டத்திலயே நிண்டுடும். அதுக்குக் குழம்பு வளர்ப்பில நுண்ஐதாக்கல் (சின்னக் குழிகளில கசாயத்தைப் படிப்படியா ஐதாக்கிப் பற்றீரியா வளருதோ எண்டு பாக்கிறது) செய்யுங்கோ. ரெசசூரின் (உயிருள்ள பற்றீரியா இருந்தால் இளஞ்சிவப்பாகிற நீலச் சாயம்) போடுறதெண்டால் பற்றீரியா இல்லாத, கசாயம் மட்டும் விட்ட குழியும் வையுங்கோ. சில சாறுகள் தாங்களே அதை இளஞ்சிவப்பாக்கிப்போடும்.

மற்றது, மருந்து பற்றீரியாவைக் கொல்லாமலே வேலை செய்யலாம். 2009இல வந்த மும்பாய் ஆய்வில பச்சை வில்வங்காய்க் கசாயம் சோதிச்ச ஆறு பற்றீரியாத் திரிபில (ஒரே இனத்தின்ர வேறுவேறு வகையளும் இதில அடங்கும்) ஒண்டையும் கொல்லேல்லை. ஆனால் அதுகள் கலத்தில ஒட்டுறதையும் உள்ள நுழையுறதையும் குறைச்சது, கொலரா நச்சு உண்டாகிறதையும் குறைச்சது. ஆகவே உங்கட தட்டு பிழையில்லை, அதிட்டைக் கேட்ட கேள்விதான் பொருந்தேல்லை. ஒட்டுதலைப் பாக்கக் கலவளர்ப்பு வசதி வேணும்.

வவுனியா_மாணவி:
கலவளர்ப்பு இங்க இல்லை. சுண்டெலி மட்டும் எடுக்கலாம்.

எலிக்கூடு:
அப்ப ஆமணக்கெண்ணெய் முறை, அதாவது எண்ணெய் குடுத்து வயித்தாலடியை உண்டாக்கி, கசாயம் அதைக் குறைக்குதோ எண்டு பாக்கிறது. நெறிமுறைக் குழுவின்ர அனுமதி கையில வராமல் தொடாதைங்கோ. சாப்பாடு நிற்பாட்டி, தண்ணி மட்டும் விட்டு, கசாயம் குடுத்து 1 மணித்தியாலத்தால 0.5 மில்லிலீற்றர் எண்ணெய். ஒரு கூட்டுக்கு ஒரு எலி, கீழ ஒற்றுத்தாள். 4 மணித்தியாலம் ஈரமலத்தை எண்ணுங்கோ, தாளை மணிக்கொருக்கால் மாத்துங்கோ. ஒரு குழுவுக்குத் தண்ணி, இன்னொண்டுக்கு வயித்தாலடியை நிற்பாட்டுற லோபெரமைட் மருந்து கிலோவுக்கு 3 மில்லிகிராம். எண்ணுறவருக்கு எந்தக் கூடு எந்தக் குழு எண்டு தெரியக் கூடாது.

அளவிலதான் கனபேர் சறுக்கிறது. 60 கிலோ ஆள் நாளுக்கு 240 மில்லிலீற்றர் குடிச்சால் கிலோவுக்கு 4. சுண்டெலிக்கு உடற்பரப்புக் கணக்கின்படி 12.3ஆல பெருக்கினால் 49. வாய்வழி கிலோவுக்கு 10 மில்லிலீற்றருக்கு மேல குடுக்கிறது நல்லதில்லை, ஆகவே கசாயத்தை ஐஞ்சு மடங்கு செறிவாக்க வேணும். உறைய வைச்சு உலர்த்தினால் நல்லம். அடுப்பில வத்தவைச்சு அடிப்பிடிச்சால் அந்தத் தொகுதியை ஊத்திப்போடுங்கோ.

முடிவெழுதேக்க ஒண்டைப் பிரிச்சுச் சொல்லுங்கோ. ஆமணக்கெண்ணெய் குடலைச் சுரக்கவும் ஓடவும் வைக்கிறது, கிருமி இல்லை. இதில எண்ணிக்கை குறைஞ்சால் "சுரப்பையோ அசைவையோ குறைக்குது" எண்டு மட்டும் எழுதலாம், "தொற்றைக் குணமாக்கும்" எண்டு எழுதேலாது. ஆக்களுக்கு எண்டால் முதல் மருந்து ஜீவனிதான் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்). இரத்தம் போனாலோ, கைக்குழந்தையாய் இருந்தாலோ நேர ஆசுப்பத்திரி.