புதுப்பிப்பு: பொம்பேய் தம்பதி ஓவியத்தில் அந்தப் பெண் கையில் இருப்பது என்ன?

எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயில் 1868-இல் கிடைத்த கணவன் மனைவி சுவரோவியத்தைப் போட்டு, மனைவி மோவாயருகே பிடித்திருப்பது மைதீட்டும் குச்சியா, மற்றக் கையில் முகக்கண்ணாடியா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"குச்சியை விடுங்கள், மற்றக் கையைப் பெரிதாக்கிப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அது கண்ணாடி இல்லை. மரச்சட்டத்துக்குள் மெழுகு பூசிய மடிப்புப் பலகை. குச்சி, எழுத்தாணி: கூர்முனையால் மெழுகில் கீறுவார்கள், தட்டையான மறுமுனையால் அழிப்பார்கள். கணவர் கையில் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்.

எதிர்பாராத விஷயம், பெயர்க் குழப்பம். ஓவியம் இருந்த வீட்டின் வெளிச்சுவரில் இருந்த தேர்தல் விளம்பரத்தை வைத்து முதலில் கணவரை பாக்குவியுஸ் ப்ரோகுலுஸ் என்றார்களாம்! இப்போது தெரெந்தியுஸ் நியோ. வீட்டோடு ஒரு ரொட்டிக்கடையும் இருந்தது.

அப்போ கடைக் கணக்கு எழுதியது மனைவிதான் என்று துள்ளினேன். அவசரப்பட்டுவிட்டேன். 'சாப்போ' என்று (பழைய கிரேக்கப் பெண் கவிஞரின் பெயரால்) அழைக்கப்படும் இன்னொரு பொம்பேய் ஓவியத்திலும் அச்சு அசல் இதே பாவனை. படித்தவர்கள் என்று காட்டிக்கொள்ளும் போஸ்தான் போல.

மூல ஓவியம் இத்தாலியின் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.