அலுவலகம் சிறுசேரியில், வீடு மயிலாப்பூரிலா, படூரிலா?

கச்சேரி சாலை:
வாடகை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இப்போது மயிலாப்பூரில் இருக்கிறோம். எனக்கு அலுவலகம் சிறுசேரி சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவில். வாரத்தில் மூன்று நாள் கட்டாயம் போக வேண்டும்; அதை நான்காக்கப் போவதாகப் பேச்சு. மத்திய கைலாசம் சந்திப்பு வருவதற்குள்ளேயே பொறுமை போய்விடுகிறது, அதற்குப் பிறகு இன்னும் 20 கிலோமீட்டர். மெட்ரோ பணிக்காகச் சாலையைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, மழை பெய்தால் கணக்கே இல்லை. படூரில் ஓர் அடுக்ககத்தில் வீடு பார்த்தேன். இங்கே கொடுக்கும் வாடகையில் ஏறக்குறைய பாதிதான். அலுவலகம் கூப்பிடு தூரம். மகள் ஒன்றாம் வகுப்பு. அம்மாவும் எங்களோடு இருக்கிறார். போகலாமா? அங்கே போனவர்களும், போய்த் திரும்பி வந்தவர்களும் சொல்லுங்கள்.

ஏழாவது மாடி:
தாராளமாக வாருங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நகரத்தில் வாழ்கிறேன் என்று சொல்கிறவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் நகரத்தில் இருக்கிறார்கள்? காலை ஏழரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வந்து விழுகிறவருக்குக் கபாலீசுவரர் தெப்பக்குளமும் ஒன்றுதான், எங்கள் அடுக்ககத்து நீச்சல் குளமும் ஒன்றுதான். இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கப் போகிறார். நான் மாலை ஆறரைக்கு வீட்டில் இருக்கிறேன். மகனோடு கீழே பந்து விளையாடுகிறேன். அதற்கு என்ன விலை போடுவீர்கள்? அவசரமென்றால் கேளம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கப் பள்ளிகள். நாவலூர் சுங்கச்சாவடியும் 2023 அக்டோபரோடு போய்விட்டது. இன்னும் என்ன வேண்டும்?

மாடவீதிவாசி:
அந்த நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள், தம்பி. 2011இல் மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தார்கள். அப்போதும் அந்தச் சாலையில் எல்லை செம்மஞ்சேரியோடு நின்றுவிட்டது. நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் எல்லாம் இன்று செங்கல்பட்டு மாவட்டம். கட்டடம் மட்டும் வானத்தைத் தொடும். குடிநீர் லாரியில் வரும், கழிவுநீரும் லாரியில் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலை உங்களுக்குத் தெற்கே 2013 முதல் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் உங்களைக் கடந்து தென்சென்னைக்கு வருகிறது. 2019 கோடையில் அந்தச் சாலையிலிருந்த நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது எதற்காக? கொரோனா அப்போது வரவில்லை.

ஏழாவது மாடி:
ஐயா, 2019இல் மயிலாப்பூர்க் குழாயில் மட்டும் காவிரி பொங்கியதா? ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தது படூருக்கு அல்ல, சென்னைக்கு. தெருவுக்குத் தெரு குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்ததும் மாநகராட்சி எல்லைக்குள்தான். நாங்கள் லாரிக்குக் காசு கொடுக்கிறோம், தண்ணீர் வருகிறது. நீங்கள் வரி கட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால் 2015இல் கோட்டூர்புரத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.

மாடவீதிவாசி:
பேசுகிறேன். கோட்டூர்புரத்தில் அடையாறு கரை புரண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பள்ளிக்கரணையில் படகு விட்டார்களே, அங்கே எந்த ஆறு ஓடுகிறது? சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டினால் தண்ணீர் பழைய முகவரிக்குத்தான் வரும். உங்கள் ஏழாவது மாடி நனையாது, சரி. கீழே நிற்கும் காரும், ஜெனரேட்டரும், நகரத்துக்கு வரும் சாலையும்?

கணக்குப்பிள்ளை:
வெள்ளத்தை விடுங்கள், வரவு செலவுக்கு வருகிறேன். "வாடகை பாதி" என்பது அப்படியே பாதி மிச்சம் என்று பொருள் தராது. சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணம் உண்டு. கோடையில் தண்ணீர் லாரிச் செலவைத் தனியாகப் பிரிக்கும் அடுக்ககங்களும் உண்டு. வாடகை பேசும்போதே இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்தது வரி. பழைய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், வாடகைப் படிக்கான (HRA) விலக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான். கையில் வரும் படி ஒன்று. வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தது இரண்டு. சென்னையில் குடியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், படூர் போன்ற இடத்தில் 40 சதவீதம் என்பது மூன்று. வாடகை இறங்கினால் இரண்டாவது தொகை இறங்கும், விலக்கும் அதோடு இறங்கும். மிச்சத்தில் ஒரு பங்கு வரியாகப் போய்விடும். புதிய வரி முறைக்கு மாறிவிட்டவர் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் பத்து மாதம் கேட்பது பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமோ, வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. அந்த "ஒழிய" என்ற ஓட்டையில்தான் எல்லா வீட்டுக்காரர்களும் நுழைகிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

பறக்கும் ரயில் பயணி:
இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. கச்சேரி சாலை அவர்களே, உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா? எங்கே?

கச்சேரி சாலை:
போகிறார். மந்தைவெளியில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். இப்போது நடந்தே போகிறார். மகளைப் பள்ளியில் விடுவதும் அவர்தான். பள்ளி வழியிலேயே இருக்கிறது. படூருக்கு வந்தால் பேருந்தில் போக முடியும் என்கிறார்.

பறக்கும் ரயில் பயணி:
"முடியும் என்கிறார்." வேறென்ன சொல்வார்? நீங்கள் பார்த்த வீடு பயணத்தைக் குறைக்கவில்லை, உங்கள் தோளிலிருந்து எடுத்து அவர் தோளில் வைக்கிறது. உங்களுக்கு வாரத்தில் மூன்று நாள், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு. அவருக்கு வங்கி திறக்கும் எல்லா நாளும், நின்றுகொண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, உண்மை. ஆனால் அந்தச் சாலையில் கண் முன் வந்து நிற்கிற பேருந்து எத்தனை தடவை குளிர்சாதனப் பேருந்தாக இருக்கிறது என்பதை நின்று பாருங்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் யார் வருவது? நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள் என்பீர்கள். மூன்று நாள் பக்கத்தில் இருப்பீர்கள், கூட்டத்தின் நடுவில் எழுந்து வருவீர்களா?

உங்கள் மயிலாப்பூர்த் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் இருப்பார்கள். ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தி அங்கே வீடு கொடுத்தார்கள். வேலை மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. முதல் பேருந்தைப் பிடிக்க அவர்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று தெரிந்தபின், உங்கள் மனைவியின் "முடியும்" எவ்வளவு கனம் என்று யோசியுங்கள்.

ஏழாவது மாடி:
உணர்ச்சியைக் கொட்டினால் ஆயிற்றா? வங்கி வேலையில் இடமாற்றம் உண்டு. கேட்டால் சோழிங்கநல்லூர்க் கிளையோ நாவலூர்க் கிளையோ கிடைக்காதா? எங்கள் அடுக்ககத்திலேயே அப்படி வாங்கிக்கொண்டு வந்தவர் இருக்கிறார்.

பறக்கும் ரயில் பயணி:
கிடைக்கலாம். கிடைத்த பிறகு வீடு மாறட்டும். இன்னொன்றும் கேட்கிறேன்: இடமாற்றம் கேட்க வேண்டியவர் ஏன் எப்போதும் அவராகவே இருக்க வேண்டும்? கச்சேரி சாலையின் நிறுவனத்துக்குத் தரமணியில் அலுவலகம் இல்லையா? பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று இடங்களில் கட்டடம் இருக்கிறது. அடுத்த திட்டத்தில் உங்களையே வேறிடத்துக்கு அனுப்பினால் படூரில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்?

மாடவீதிவாசி:
மெட்ரோவையும் மறக்க வேண்டாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை கட்டுகிற அந்தத் தடம் மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகத்தான் போகிறது. முழுத் தடமும் ஓட ஆரம்பித்தால் இவர் வீட்டருகே ஏறி அலுவலகத்தருகே இறங்கலாம்.

ஏழாவது மாடி:
ஓட ஆரம்பித்தால்! பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர் இழுத்த இழுப்பு ஊரறியும். ரயிலை நம்பி மார்ச்சில் ஒப்பந்தம் போட முடியாது, ஐயா.

பறக்கும் ரயில் பயணி:
ஓடுகிற ரயிலை நம்பலாமே. திருவான்மியூர் அல்லது இந்திரா நகர் நிலையத்தருகே வீடு பாருங்கள். மனைவிக்கும் மகளுக்கும் மந்தைவெளி சில நிறுத்தங்கள்தான். பள்ளியை மாற்ற வேண்டாம். உங்களுக்கு மத்திய கைலாச நெரிசல் இல்லை, கம்பெனி பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். வாடகை படூர் அளவுக்கு இறங்காது. ஆளுக்குக் கொஞ்சம் தூரம், யாருக்கும் முழுத் தூரம் இல்லை.

ஏழாவது மாடி:
இரண்டு பேரும் பயணம் செய்ய, மயிலாப்பூருக்கு நெருக்கமான வாடகை! இது சமரசம் அல்ல, இரட்டைச் செலவு.

கணக்குப்பிள்ளை:
செலவுதான். ஆனால் படூரில் இரண்டாவது வண்டி வாங்க வேண்டியிருக்கும், அதை யாரும் சேர்க்கவில்லை. வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு வராது.

கச்சேரி சாலை:
எல்லாவற்றையும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படூர் வேண்டாம் என்று முதல் தடவையாக வாய் திறந்து சொல்கிறார். இந்திரா நகரில் தேட ஆரம்பிக்கிறேன். தெரிந்த வீடு இருந்தால் சொல்லுங்கள்.

மாடவீதிவாசி:
நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒன்று காலியாகிறது. இரண்டாவது மாடி, நல்ல தண்ணீர், காற்றும் வரும். லிஃப்ட் இல்லை. அம்மாவால் படி ஏற முடியுமா?

ஏழாவது மாடி:
எங்கள் அடுக்ககத்தில் மூன்று லிஃப்ட் இருக்கிறது. சொல்லி வைக்கிறேன்.