அம்பாசடர் 1489 சி.சி. பெட்ரோல்: 030 பிஸ்டன் ரிங் போட்டால் ரிங் முனைகளுக்கு நடுவே கேப் (இடைவெளி) 1.1 மி.மீ. வருகிறது

மஞ்சக்குப்பம்72:
வணக்கம். வண்டி 1972 அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல். எஞ்சினை முழுக்கப் பிரித்துப் போட்டாயிற்று. முந்தைய வேலையின் பில்லில் 030 (ஸ்டாண்டர்டைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு பெரிது) என்று இருந்ததால் 030 பிஸ்டனும் ரிங் செட்டும் வாங்கினோம். மேல் ரிங்கை மட்டும் போருக்குள் (சிலிண்டர் துளைக்குள்) விட்டு, அடிப்பக்கம் வரை தள்ளி ஃபீலர் கேஜ் வைத்தால் நான்கு சிலிண்டரிலும் 1.1 மி.மீ.க்குக் குறையவில்லை. பெட்டி மாறிவிட்டதா, போர் தேய்ந்துவிட்டதா?

இன்னொன்று. கிராங்க்கைக் கிரைண்ட் செய்து 010 மெயின் பேரிங் (கிராங்க்கைத் தாங்கும் பேரிங்) போட்டோம். முன், பின் பேரிங் மூடிகளை (இதையும் கேப் என்போம்) இறுக்கினால் நன்றாகச் சுற்றுகிறது. நடுக் கேப்பை இறுக்கியதும் பிடித்துக்கொள்கிறது. புதுச்சேரியிலோ சென்னையிலோ வேறு செட் தேடும் முன் எதை அளக்க வேண்டும்?

போர்கேஜ்:
சார், நீங்கள் அளந்த 1.1 மி.மீ.யிலேயே பாதி பதில் இருக்கிறது. ரிங்கை அடியில் வைத்துப் பார்த்தது நல்லது. அங்கே தேய்மானம் குறைவு, போரின் உண்மையான சைஸ் அங்கேதான் தெரியும்.

இந்த எஞ்சினின் ஸ்டாண்டர்ட் போர் 73.025 மி.மீ. ஒவ்வொரு பத்து சைஸுக்கும் 0.254 மி.மீ. கூடும். 010 என்றால் 73.279, 020 என்றால் 73.533, 030 என்றால் 73.787, 040 என்றால் 74.041. விட்டம் 0.254 கூடினால் சுற்றளவு அதைப் போல 3.14 மடங்கு கூடும், அதாவது 0.8 மி.மீ. இந்த போருக்கு ரிங் கேப் 0.20 முதல் 0.33 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் 1.1-இல் 0.8-ஐக் கழித்தால் 0.3. அதாவது ரிங்கும் போரும் சரியாக ஒரு சைஸ் விலகி நிற்கின்றன. வெறும் தேய்மானம் நான்கு சிலிண்டரின் அடியிலும் இப்படி ஒரே அளவாக வராது.

இரண்டு வாய்ப்பு உண்டு. பெட்டியில் 030 என்று ஒட்டி உள்ளே 020 ரிங் இருக்கலாம். அல்லது உங்கள் பிளாக் ஏற்கெனவே 040 ஆக இருக்கலாம். கழற்றி வைத்த பழைய பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டிப் பாருங்கள், சைஸ் பொறித்திருக்கும். பில்லை நம்புவதைவிட அதை நம்பலாம். பிறகு டயல் போர் கேஜில் மேலே, நடுவே, அடியில் என மூன்று இடம், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் தண்டுக்கு) இணையாகவும் குறுக்காகவும் எடுத்து எழுதுங்கள். மேலே எடுக்கும்போது ரிங் உராயாத விளிம்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். புதுப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் ஸ்கர்ட்டின் (கீழ்ப்பக்கச் சுவரின்) அடியில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக அளக்க வேண்டும். தலையில் அளந்தால் சிறிதாகத்தான் காட்டும்.

கேப் பெரிதாக இருக்கும் ரிங்கை ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 040 போரில் 030 பிஸ்டன் போனால் ஸ்கர்ட்டில் 0.3 மி.மீ. இடைவெளி. முதல் நாளிலிருந்தே தட்டும்.

முத்தியால்பேட்டை லேத்:
கிராங்க் விஷயத்துக்கு வருகிறேன். நடு மெயின் மட்டும் பிடிக்கிறது என்றால் பேரிங் ஷெல்லை (உள்ளே வைக்கும் அரைவட்டத் தகட்டை) குறை சொல்லும் முன் த்ரஸ்ட் வாஷரை (கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் வளையத்தை) பாருங்கள். இந்த எஞ்சினில் மூன்று மெயின் தான். த்ரஸ்ட் வாஷர் நடு மெயினின் இரு பக்கமும் அரை அரையாக உட்காரும். எண்ணெய்க் காடி உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். காது உள்ள அரை கேப்பில் போகும். தடித்த வாஷர் போட்டிருந்தாலும், திருப்பிப் போட்டிருந்தாலும் இப்படித்தான் இறுகும். வாஷரை எடுத்துவிட்டு ஷெல்லோடு மட்டும் கேப்பை இறுக்குங்கள். சுற்றினால் குற்றவாளி வாஷர். மூன்றும் இறுக்கியபின் கிராங்க்கின் முன்பின் அசைவு 0.05 முதல் 0.08 மி.மீ. இருக்க வேண்டும்.

வாஷர் இல்லாமலும் பிடித்தால் ஷெல்லைக் கழற்றி ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கிரைண்டிங்கில் ஜர்னலின் (கிராங்க்கில் பேரிங்குக்குள் சுற்றும் பகுதியின்) மூலை வளைவைப் பெரிதாக விட்டிருக்கிறார்கள், ஷெல் அதன் மேல் ஏறி நிற்கிறது. அதற்கு வேறு ஷெல் தேடிப் பயனில்லை, கிராங்க் திரும்பவும் கிரைண்டருக்குப் போக வேண்டும். பேரிங் மூடி திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா, ஷெல்லின் முதுகில் துகள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூடியின் முகத்தை மட்டும் யாரையும் அரத்தால் தேய்க்க விடாதீர்கள். ஷெல்லை அதன் இடத்தில் அழுத்திப் பிடிப்பதே அந்த முகங்கள்தான்.

பின்பக்க ஆயில் சீல் கேட்டும் அலைய வேண்டாம். இந்த மூன்று மெயின் எஞ்சினில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்கில் வெட்டிய மரைதான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. பின்னால் ஒழுகினால் முதலில் பிரீதர் குழாய் (எஞ்சின் உள்காற்றை வெளியேற்றுவது) அடைத்திருக்கிறதா பாருங்கள், அடுத்து சம்ப் (ஆயில் தொட்டி) கார்க்.

மஞ்சக்குப்பம்72:
இருவருக்கும் நன்றி. பழைய பிஸ்டன் நான்கிலும் 040 என்று தெளிவாக இருக்கிறது. போர் அடியில் 74.06, மூன்றாவது சிலிண்டரின் மேலே 74.21. த்ரஸ்ட் வாஷர் ஒரு பக்கம் காடி உள்நோக்கி இருந்தது. திருப்பிப் போட்டதும் கிராங்க் கையால் சுற்றுகிறது, அசைவு 0.07. இனி பிஸ்டனுக்கு என்ன வழி?

போர்கேஜ்:
0.15 தேய்மானத்தில் வெறும் ரிங் மாற்றுவது வீண். 040-க்கு மேல் வெட்டவும் வேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் டிரை லைனர் (போருக்குள் இறக்கும் மெல்லிய உருளை) போட்டு ஸ்டாண்டர்டுக்கு வாருங்கள். 030 செட் எஞ்சினில் ஓடாததுதான், கடையில் மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

கடையில் “அம்பாசடர் பெட்ரோல்” என்று மட்டும் கேட்டால் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினின் பிஸ்டன் கைக்கு வரும். அதன் போர் 84 மி.மீ. “1489 பெட்ரோல், ஸ்டாண்டர்ட்” என்று சொல்லுங்கள். 1489 டீசலுக்கும் போர் இதேதான் என்றாலும் பிஸ்டன் வேறு. பழைய கனெக்டிங் ராடு ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பிஸ்டன் பின்னைக் கிளாம்ப் போல்ட் பிடிக்கிறதா, சர்க்ளிப் போட்ட மிதக்கும் பின்னா என்பதைப் பொறுத்துப் பிஸ்டன் மாறும். வெளிநாட்டு எம்ஜிஏ 1500 (பிரிட்டிஷ் எம்ஜி கார்) செட் யாராவது காட்டினால், போர் ஒன்றுதான், ஆனால் அதன் கம்ப்ரஷன் அதிகம். பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து தலை வரை உயரத்தைப் பழையதோடு ஒப்பிடாமல் வாங்காதீர்கள்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது, புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். இரண்டிலும் கடையிலேயே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை லேத்:
பிஸ்டன் கைக்கு வந்தபிறகே பிளாக்கைப் போரிங்குக்குக் கொடுங்கள். லைனர் இறக்கி, மேல் முகத்தைச் சமப்படுத்தி, வாட்டர் ஜாக்கெட்டைப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே சுவர் மெலிது. பிறகு ஒவ்வொரு பிஸ்டனிலும் எண் போட்டு, அதனதன் போரை அதற்கென்றே 0.05 மி.மீ. இடைவெளி வரும்படி ஹோன் செய்ய (கல்லால் நுண்ணியதாகத் தேய்க்க) வேண்டும். நான்கு பிஸ்டனையும் எடை போடுங்கள், 3, 4 கிராமுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

ஹோன் செய்த போரை டீசலால் துடைத்தால் கல் துகள் உள்ளேயே நிற்கும். சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவுங்கள். காய்ந்ததும் அந்த நிமிடமே எஞ்சின் ஆயில் தடவுங்கள். நம் கடல் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் போர் துருப்பிடித்திருக்கும்.